பிள்ளை பெற்ற வீட்டுப் பங்கு

பிறந்து ஒரு மாதமும் ஆகாத ஒரு குழந்தைக்குச் சேர வேண்டிய மீனை நான் சுட்டுத் தின்றேன். ஒரு நாள் அல்ல, எட்டு நாள். பசி என்று சொல்லலாம், பசி இருந்ததும் உண்மைதான். ஆனால் எட்டாம் நாள் நான் தின்றது பசியால் அல்ல, பழகிப்போனதால்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. கல்முனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். சட்டியில் மீன் இருக்காது. ஆழத்துக்குப் போகத் தடை. வெயில் ஏறிய பிறகு, கரையில் காவல் நிற்கும் ஆமிக்காரர்களின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் தோணி விடலாம். இறைச்சி எங்களுக்குப் பெருநாளைக்கு. பால்மா கடைக்கு வந்த அன்றே முடிந்துவிடும். மற்ற நாட்களில் சோறும் பருப்பும். பருப்பு இல்லாவிட்டால் சோறும் சம்பலும். வாப்பா நெஞ்சு நோயோடு படுத்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் நான் மூத்தவன்.

மிஞ்சியிருந்தது கரைவலை ஒன்றுதான். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்போம். கயிற்றில் கை வைத்த எவருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் கரையின் வழக்கம். வலையை நடத்தியவர் தண்டயல்.

"டேய், கயித்த இழுக்கிறியா, கயித்துல தொங்குறியா?" என்று என்னைக் கேட்பார்.

"தொங்கட்டும் உடுங்க தண்டயல். வலைக்கு ஈயக்குண்டு கொறவுதானே," என்பான் பக்கத்தில் நிற்பவன்.

சிரித்துக்கொண்டே இழுப்போம். நாள் முழுக்க இழுத்தும் பல நாட்களில் இரண்டு கூடை சூடை மீன்தான் வரும். அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கை அள்ளு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊரில் பிள்ளை பெற்ற வீடு இருந்தால், பங்கு பிரிக்கும் முன்பே அந்த வீட்டுக்கு ஒரு மீன் எடுத்து வைப்பார்கள். பால்சுறாக் குட்டி விழுந்தால் அதைத்தான் வைப்பார்கள். அதைத் தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. அந்த மாதம் பிள்ளை பெற்றவர் என் சாச்சி, உம்மாவின் தங்கை. சாச்சா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எந்தத் துவக்குச் சுட்டது என்று எவரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தபடியே சாச்சி ஒரு பெண் குழந்தையைப் பெற்றார்.

"இந்தா, ஒன்ட சாச்சிட ஊட்ட குடு," என்று தண்டயல் என் கையில் முதல் சுறாவைத் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சாச்சி சட்டியில் முதலில் வெந்த துண்டை எனக்குத்தான் தந்தார். அந்தத் துண்டின் ருசி நாக்கில் நின்றது.

மறுநாள் சுறாவோடு சவுக்குமரங்களுக்குள் போய்த் தென்னோலை மூட்டிச் சுட்டேன். உப்புக்கூட இல்லை. சாம்பலோடு தின்றேன். தம்பி தங்கைகளுக்கும் கொடுத்திருந்தால் ஒரு நியாயமாவது சொல்லலாம். கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாச்சியின் வீட்டைக் கடந்தபோது ஜன்னலில் நின்று கேட்டார்.

"மனே, இண்டைக்கும் வலையில ஒண்டும் படல்லியா?"

"இல்ல சாச்சி. வெறும் சாதாழைப் பாசி."

"பாவம் ஆக்கள். நீ திண்டியா?"

"ஓம்," என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

எட்டாம் நாளுக்கு அடுத்த நாள் சாச்சி கடற்கரைக்கே வந்துவிட்டார். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாத பெண் வாசல் தாண்டுவதில்லை. அதுவும் ஆண்கள் நிற்கும் இடத்துக்கு. முக்காட்டுக்குள் குழந்தை இருந்தது. அழுதது, ஆனால் அழுகைக்குச் சத்தமில்லை.

"தண்டயல், ஒரு மீன் தருவீங்களா? பால் வத்திப் போச்சு."

தண்டயல் கூடையிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்ன மகள் இப்பிடிக் கேக்கிறீங்க? ஒங்கட பங்கு ஒவ்வொரு நாளும் போகுதே. இவன்தானே வாங்கித்துப் போறான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் நான் நின்றேன். சாச்சியும் பார்த்தார். ஒரு அலை வந்து திரும்பும் நேரம் இருக்கும்.

"ஓம், வந்த. எல்லாம் வந்த," என்றார். "இன்னம் ஒண்டு கெடைக்குமா எண்டுதான் கேட்ட."

"ஆசைக்கும் ஒரு அளவு வேணும் மகள்," என்றார் தண்டயல். யாரோ சிரித்தார்கள். சாச்சி முக்காட்டை இழுத்துக்கொண்டு மணலில் திரும்பி நடந்தார். கொடுத்தது போதும் என்று அடுத்த நாளிலிருந்து தண்டயல் அந்த மீனை வேறு வீட்டுக்கு அனுப்பினார்.

தப்பினேன் என்று நினைத்தேன். சாச்சிக்கு விசயம் விளங்கவில்லை என்றுகூட நினைத்தேன். நான் கள்ளன் என்று அவர் அங்கே சொல்லியிருந்தால் தண்டயல் என்னைக் கயிற்றிலிருந்து விரட்டியிருப்பார். எங்கள் வீட்டு ஏழு வாய்க்கும் அந்தக் கை அள்ளும் இல்லாமல் போயிருக்கும். அக்காவின் பிள்ளைகளா, தன் பிள்ளையா என்று அந்த ஒரு அலை நேரத்தில் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வயதில் இது எனக்கு எட்டவில்லை.

குழந்தைக்குச் சீனித்தண்ணீரும் கஞ்சித்தண்ணீரும் கொடுத்தார்கள். வயிற்றோட்டம் வந்தது. சாச்சி கரைக்கு வந்துபோன பதினோராம் நாள் குழந்தை மௌத்தாகிவிட்டது. அடக்கக் கொண்டுபோன அந்தச் சின்ன ஜனாஸாவுக்குப் பின்னால் நானும் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தேன்.

படித்து விஞ்ஞான ஆசிரியரானேன். சுற்றிவரக் கடல் உள்ள இந்தச் சிறிய நாட்டில் ஏழைகளின் உடம்புக்குப் புரதம் பெரும்பாலும் மீனிலிருந்துதான் வருகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதினேன். சுறாவுக்கும் தாய்ப்பாலுக்கும் சம்பந்தம் உண்டா என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை. பட்டினி கிடந்த ஒரு தாய்க்கு எட்டு நாள் உணவு என்ன என்பது தெரியும்.

இப்போது பேரப்பிள்ளை கண்டு, தலை நரைத்த பிறகு ஹஜ்ஜுக்குப் போகப் புறப்பட்டேன். போகும் முன் வீடு வீடாய்ச் சென்று, செய்த பிழைகளை மன்னித்து ஹலாலாக்கித் தரச் சொல்லிக் கேட்பது நம் வழக்கம். சாச்சியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். எட்டு நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்தானே," என்றார் சாச்சி. "ஒன்ட வாயில சாம்பல் கெடந்திச்சு."

"ஹலாலாக்கித் தாங்க சாச்சி."

"என்ட பங்கு அண்டைக்கே ஹலால் மனே. புள்ளட பங்க நான் எப்பிடித் தாற? அத அவட்டத்தானே கேக்கணும்."

மக்காவில் கஃபாவுக்கு முன்னால் நின்று அவளிடம் கேட்கக் கை ஏந்தினேன். பெயர் சொல்லிக் கேட்க நினைத்தேன், வரவில்லை. வீட்டில் எல்லாரும் அவளைப் புள்ள என்றுதான் அழைத்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் என்று இத்தனை வருடங்களில் நான் ஒரு முறையும் கேட்டிருக்கவில்லை.

திரும்பி வந்ததும் சாச்சியிடம் கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு மனே அது," என்றார். மக்காவிலிருந்து நான் கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட எழுந்து போனார்.