ஆரோக்கியம்மாளும் ஆர்தரின் பாம்பு மெஷினும்

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கில் மூடுபனி இறங்குவதற்கு முன்னால் ஆரோக்கியம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கும் என்று சொல்வார்கள். அவள் முகம் சரியில்லாத நாளில் அது அப்படியே அடுத்த ஊரான தானா ராத்தா பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடுமாம். சத்தியம் செய்யச் சொன்னால் யாரும் முன்வர மாட்டார்கள். பொய் என்று சொல்லவும் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறிக்கப் போன புதிதில், கணக்கு எழுதுகிற கிராணி எடையைக் குறைத்துச் சொன்னார் என்று முழுக் கூடையையும் அவர் தலையில் கவிழ்த்தாள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு அவர் தலை சீவும்போதெல்லாம் ஒரு கோப்பைத் தேநீருக்குத் தேவையான இலை உதிர்ந்ததாம். தோட்டத்தில் பேர் வெட்டி, வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவளும் ‘போங்கடா’ என்று இறங்கி வந்து, சுவர் பூசுகிற கிரகரியைக் கட்டிக்கொண்டாள். கிரகரி சாது. வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று பயந்தவர் மாதிரி வாழ்ந்தவர்.

எழுபதுகளின் நடுவில் புருசனும் பெண்சாதியுமாக ‘கிரகரி பிரதர்ஸ்’ என்று பலகை மாட்டினார்கள். அவர் பூசுவார், அவள் கலவை குழைப்பாள். பலகையில் இருந்த ‘பிரதர்’ பின்னால்தான் வந்து சேர்ந்தான். பழைய லோரி ஒன்று வாங்கியதும் ஓட்ட ஆள் வேண்டுமே என்று, கோலா தெர்லாவில் கோஸ் லோரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஆர்தரைக் கிரகரி கூப்பிட்டு, கம்பெனியில் பாதியையும் எழுதிக் கொடுத்தார். ஆர்தர் எருமைக்கடா உடம்புக்காரன். சிமெண்டு மூட்டையைத் தலையணை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பான். லோரி ஓட்டத் தெரியும், சண்டை போடத் தெரியும். சுவர் பூசத் தெரியும் என்று அவன் மட்டும் சொல்லிக்கொள்வான்.

எண்பத்திரண்டில் கிரகரி நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். குழியில் மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஆர்தர் அண்ணியின் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“அண்ணி, லோரிச் சாவி எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“இனிமே கம்பெனிய நான் பாத்துக்கிறேன். பொம்பள நீங்க எதுக்கு சாரம் ஏறிக்கிட்டு.”

“உங்கண்ணன் எந்திரிச்சு வந்து குடுக்கச் சொன்னா குடுக்கிறேன். கேட்டுப் பாரு, பக்கத்துலதான படுத்திருக்காரு.”

பாதிரியார் செபத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

அன்றைக்கு அந்தச் சாவி அவள் கழுத்துச் செபமாலைக் கயிற்றில் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவளுக்கு லோரி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஒவ்வொரு காலையும் ஆர்தர் வந்து கையை நீட்ட வேண்டும், அவள் சாவியை எறிய வேண்டும், சாயங்காலம் அவன் அதைத் திருப்பி எறிய வேண்டும். எறிவதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. அந்தச் சாவி பறந்த பறப்புக்கு மலைக்குக் கீழே ஈப்போவில் இறங்கியிருக்க வேண்டும்.

எண்பத்து நான்கில் பெரிய வேலை ஒன்று வந்தது. டவுனில் ஒரு சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, வெள்ளைக்காரன் பங்களா பாணியில் மூன்று மாடி ஹோட்டல் எழுப்பிக்கொண்டிருந்தார். வெளிச்சுவர் முழுக்கச் சொரசொரவென்று கலவை தெறித்து நிற்க வேண்டும், அதுவும் பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்குள். கையால் வீசினால் அடுத்த வருசக் கூட்டத்துக்குத்தான் முடியும். மெஷின் வேண்டும்.

எந்த மெஷின் என்பதில்தான் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் தீப்பிடித்தது. ஈப்போக் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று தகரப் பெட்டி. இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கிற கம்பிகள் கலவையைச் சுண்டிச் சுண்டிச் சுவரில் எறியும். மற்றது டீசல் இஞ்சினும் பம்பும் நீளமான ரப்பர் குழாயும் கொண்ட பூதம். குழாய் முனையைச் சுவருக்குக் காட்டினால் போதும், காற்றோடு கலவை சீறிக்கொண்டு போய் ஒட்டும்.

“அண்ணிக்கு ஏத்தது அந்தப் பொட்டிதான் லா,” என்றான் ஆர்தர். “இட்லி மாவு ஆட்டுற மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கலாம்.”

“ஒனக்கு ஏத்தது அந்தப் பாம்புதான். வாயி மட்டும் நீளம், உள்ள ஒண்ணும் இல்ல.”

அவளுக்கு டீசல் இஞ்சின் மேல் நம்பிக்கை இல்லை. இந்தக் குளிரில் லோரியே எழுந்திருக்க அழுகிறது. பெட்டி என்றால் கையிருந்தால் போதும். ஆனால் உண்மைக் காரணம் வேறு. பெரிய மெஷின் வந்தால் குழாயைப் பிடிக்க ஆர்தர் உடம்புதான் வேண்டும். அப்புறம் கம்பெனி அவன் பேரைத்தான் சொல்லும்.

இருவரும் தவுக்கேயின் முன்னாலேயே கத்தினார்கள். அவர் காதில் விரலை விட்டுக்கொண்டு ஒரு வழி சொன்னார். ஹோட்டல் பின்சுவரில் அடிப்பூச்சு தயாராக இருக்கிறது. ஆளுக்குப் பாதி அடியுங்கள். எவர் சுவர் எனக்குப் பிடிக்கிறதோ அவருக்கு வேலை.

“அது மட்டும் பத்தாது,” என்றான் ஆர்தர். “தோத்தவங்க லோரிச் சாவிய வச்சிட்டு, கம்பெனிய விட்டுப் போயிரணும். சரியா அண்ணி?”

ஆரோக்கியம்மாள் செபமாலையைத் தொட்டுப் பார்த்தாள். கம்பெனியை விட்டால் அவளுக்குத் தோட்டத்துக்குத் திரும்புகிற வழி ஒன்றுதான் மிச்சம். அங்கே அந்தக் கிராணி இன்னும் தலை சீவிக்கொண்டுதான் இருக்கிறார்.

“சரி. தோத்துட்டு அழக்கூடாது,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஈப்போக் கடைக்காரன் விஜயன் இரண்டு மெஷினையும் கொண்டுவந்து இறக்கினான். எது விற்றாலும் தனக்கு லாபம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிரித்தான். டவுனில் பாதி சனம் பின்சந்தில் கூடிவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கள் கடையைச் சாத்தாமலே வந்துவிட்டார்கள்.

ஆரோக்கியம்மாள் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள், சுற்றினாள், தோள்பட்டை கழன்று பெர்த்தாம் பள்ளத்தாக்கில் விழுந்துவிடும் போல இருந்தது. கலவை பொட்டுப் பொட்டாகப் போய் ஒட்டியது. கலவை எடுத்துக் கொடுத்த வேலம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, அம்மை போட்ட மூஞ்சி மாதிரியே இருக்கு.”

“அதான கேட்டாரு தவுக்கே. நீ கலவையப் போடு.”

அந்தப் பக்கம் ஆர்தர் இஞ்சினை உசுப்பினான். அது போட்ட சத்தத்தில் எதிர்மலையில் குரங்குகள் குடும்பத்தோடு வீடு மாறின. ஆனால் குழாய் முனையில் ஒன்றும் வரவில்லை. ஒரு ஏப்பம் மட்டும் வந்தது. கூட்டம் சிரித்தது.

“கலவை கட்டியா இருக்கு அண்ணே,” என்றான் விஜயன். “மண்ண சலிச்சு, வழுக்கிக்கிட்டு போக இந்த மருந்து ஊத்தணும். போத்தல் கடையில இருக்கு, தனியா வாங்கணும்.”

“மருந்து விக்கத்தான் மெஷின் விக்கிறியா நீ? எங்க தாத்தா ஊர்ல கோயில் கட்டுனப்ப எந்தப் போத்தல வாங்குனாரு? வெல்லத்தக் கரைச்சு ஊத்துனாங்க. வெண்ணெ மாதிரி வழுக்குமாம். இன்னிக்கும் அந்தச் சுவத்துல ஆணி எறங்காது.”

ஆர்தர் எதிர்க்கடையில் குலா மலாக்கா வெல்லத் துண்டுகளைக் கை நிறைய வாங்கி, சுடுதண்ணீரில் கரைத்து, பாகு மாதிரி மணக்க மணக்கக் கலவையில் ஊற்றினான். பெரிய கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு நன்றாகக் கிளறினான்.

ஆரோக்கியம்மாள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

அவன் தாத்தா வெல்லம் ஊற்றியது சுண்ணாம்பில். இது சிமெண்டு. இனிப்புப் பட்ட சிமெண்டு இறுகாது என்று அவளுக்குத் தெரியும். ஆர்தர் வருவதற்கு முன்னால், லயத்தில் ஒரு வீட்டுக்கு வாசற்படி கட்டும்போது கிரகரியின் கலவையில் அவள் கையிலிருந்து ஒரு டின் கட்டிப்பால் கவிழ்ந்துவிட்டது. பரவாயில்லை என்று கிரகரி அதையே பூசினார். அந்தப் படி இறுகவே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி வெளியே வந்தால் கணுக்கால் வரை புதைந்து, இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சிமெண்டு மட்டம் என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, கிரகரி உடைத்து மறுபடி கட்டினார். விசயம் புருசன் பெண்சாதியோடு நின்றுவிட்டது.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது ஆர்தர் திரும்பி, “சாவியத் துடைச்சு வைங்க அண்ணி, துரு ஏறிருக்கும்,” என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டு, இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

வெல்லம் போன மெஷின் வெறி பிடித்த யானை மாதிரி பீச்சியது. பக்கத்தில் நின்ற விஜயனின் சட்டையில் பாதியும் சுவரில் மீதியுமாக, ஆர்தரின் பங்குச் சுவர் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆரோக்கியம்மாளின் சுவரில் பாதிகூட நிரம்பவில்லை. கூட்டம் ஆர்தரின் முதுகில் தட்டியது. தவுக்கே தலையாட்டினார்.

ஆர்தர் கையை நீட்டினான். “சாவி.”

“ஈரச் சுவத்துக்கு யாரு பரிசு குடுப்பா? நாளைக்கு வா.”

“நாளைக்கு மட்டும் என்ன ஆகப்போவுது?”

“அதான், நாளைக்கு வந்து பாரு.”

ராத்திரி மழை வழக்கம்போலப் பெய்தது. மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் பின்சந்துக்கு வந்தபோது ஆரோக்கியம்மாளின் அரைச்சுவர் அம்மைத் தழும்போடு அசையாமல் நின்றது. ஆர்தரின் சுவரில் அடிப்பூச்சு அம்மணமாக இருந்தது. அவன் அடித்ததெல்லாம் கீழே குழம்பாகக் கிடந்தது. எறும்புகள் கோலா தெர்லா வரைக்கும் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அவ்வளவு பெரிய ஊர்வலம்.

தவுக்கே குடைக் காம்பால் அதைக் குத்திப் பார்த்தார். “இனி டிண்டிங் கா, புபோர் கா?” என்று கேட்டார். இது சுவரா, கஞ்சியா என்று அர்த்தம்.

ஆர்தர் விஜயனின் சட்டையைப் பிடித்தான். “மட்டமான மெஷின விக்க வந்தியா?”

“விடு அவன,” என்றாள் ஆரோக்கியம்மாள். பிறகு விஜயனிடம் திரும்பினாள். “தம்பி, பொட்டிய ஏத்திக்கிட்டுப் போ. பெரிய மெஷின எறக்கி வை. அதான் வேணும்.”

எறும்புகூட நின்று கேட்டது.

“அக்கா, செயிச்சது பொட்டிதான லா?” என்றாள் வேலம்மா.

“செயிச்சது நானு. பொட்டி இல்ல. இந்தக் கைய ஒசத்திக் காட்டட்டுமா, பாரு, வருதான்னு. பொட்டிய வச்சுக்கிட்டு மூணு மாடி அடிச்சா எனக்கு ரெண்டு சவப்பெட்டி வேணும். கைக்குத் தனியா ஒண்ணு. பெருசு அடிப்பூச்சும் அடிக்கும், மேப்பூச்சும் அடிக்கும். நேத்து பாத்தேன்ல.”

ஆர்தரின் முகம் சுண்ணாம்பானது. “அப்ப நான் சொன்ன மெஷின்தான் சரின்னு ஒத்துக்கிறீங்க.”

“மெஷின் சரி. மெஷினப் புடிச்ச ஆளுதான் சரியில்ல. சிமெண்டுல வெல்லத்த ஊத்துனா எறுகாது.”

அவன் அந்தக் குழம்பைக் காலால் கிளறினான். “நான் ஊத்துனத நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?”

“உங்கண்ணன் குழி மூடல, நீ சாவி கேட்ட. நான் என்னா ஒனக்கு வாத்தியாரா, பாடம் சொல்லிக் குடுக்க?”

அவன் கை முறுக்கேறியது. அடிப்பான் என்று எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவன் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். சொன்ன வாக்குப்படி கம்பெனியை விட்டும் போனான்.

திங்கட்கிழமை ஆரோக்கியம்மாள் அந்தக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். இஞ்சினைப் போட்டதும் குழாய் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, மணல் மேட்டில் உட்கார வைத்தது. வேறு இரண்டு ஆள் பிடித்துப் பார்த்தார்கள். அவர்களையும் உட்கார வைத்தது. லோரியும் நின்ற இடத்திலேயே நின்றது. சாவி கழுத்தில்தான், ஆனால் மண் எடுத்துவர ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஆர்தரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். செபமாலையிலிருந்து சாவியை அவிழ்த்து அவன் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டான்.

“கூலிக்கு. பங்குக்கு இல்ல,” என்றாள். “மண்ண சலிச்சுட்டுத்தான் போடணும். வெல்லம் வேணும்னா வீட்டுல காப்பிக்குப் போட்டுக்க.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினான். கோலா தெர்லாவில் அவனுடைய பழைய கோஸ் லோரிக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தான்.

ஹோட்டல் சுவர் விடுமுறைக்கு முன்னாலேயே முடிந்தது. அதற்கப்புறம் மலை மேல் எத்தனையோ சுவர். மெஷினில் கலவை கொட்டுகிற வாய்ப்பக்கம் அவள் நிற்பாள், தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சல்லடையில் மண் சலிப்பாள். குழாய் முனையில் அவன் நிற்பான். இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் மண்வெட்டியால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அடி என்று அர்த்தம், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. கோபம் வந்தால் தட்டிக்கொண்டே இருப்பாள். அவனும் பதிலுக்கு, காற்று மாறிவிட்டது என்கிற சாக்கில், குழாயைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்புவான். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும்போது பாதிச் சுவரைச் சேலையில் சுமந்துகொண்டு போவாள்.

விடிந்தால் மறுபடியும் லோரி பக்கத்தில் வந்து நிற்பான். அவள் சாவியை எறிவாள், அவன் பிடிப்பான். ‘இந்தா’ என்று அவளும், ‘குடுங்க’ என்று அவனும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.