பொம்மைதான பெரியப்பா

என் பெரியப்பாவைப் பழிவாங்க எனக்கு வழி காட்டியது கருட பகவான்தான். கடவுள் பக்தி பெரிதாக இல்லாத நான், அந்த ஒரு காரணத்துக்காக அவரை மட்டும் இன்றும் கும்பிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. படக்கதை நாயகர்கள், ஜப்பான் கார்ட்டூன் வீரர்கள், டிராகன்கள், ரோபோக்கள் என்று பொம்மை செய்து விற்கிறேன். கம்ப்யூட்டரில் உருவத்தை வடித்துக் கொடுத்தால் முப்பரிமாணப் பிரிண்டர் அதை ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினில் அச்சடித்துவிடும். வர்ணம் தீட்டுவது மட்டும் என் கை. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். நெஞ்சில் ஏதாவதொரு நாயகனின் முத்திரை போட்ட பனியனோடு வந்து நின்று, அதே நாயகனின் பொம்மையைக் காட்டி, "அண்ணே, இவரு யாருண்ணே? சாவிக்கொத்துல மாட்டுனா கெத்தா இருக்கும்ல?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் விற்பேன், வாடகை கட்ட வேண்டுமே.

இவர்கள் தங்களை 'கீக்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் கிறுக்கன். அந்தப் பெயரை நாங்களாகச் சூட்டிக்கொள்ளவில்லை, ஊர்தான் வைத்தது. நான் படித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படிப்பட்ட கிறுக்கர்கள் நாங்கள் மூன்று பேர்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட படக்கதைகளைப் பொறுக்கி எடுப்போம். எந்த வில்லன் எந்தக் கதையில் எப்படிச் செத்தான் என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவோம். நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால், அதில் என்ன நடந்திருக்கும் என்று வாரக்கணக்கில் பேசுவோம்.

படக்கதைகளில் இல்லாத ஒருவனை நானே செய்தேன். குழாய் ஒழுகலை அடைக்கிற பசையை உருட்டி உடம்பு, குளிர்பான பாட்டிலை வெட்டி இறக்கை, கழுத்துக்குப் பச்சை வர்ணம். அவன் பறக்கிறவன். அவனுக்கு ஒரு ஊர், ஒரு எதிரி, ஒரு சாபம் எல்லாம் என் தலைக்குள் இருந்தன. காலாண்டுப் பரீட்சையைக் கோட்டைவிட்டு அவனைச் செய்து முடித்தேன்.

அவனைப் பெரியப்பா போகி நெருப்பில் போட்டார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். அப்போது எல்லாரும் ஒரே வீடு. வன்னியம்பட்டித் தோட்டத்துத் துளசியும் பூவும் அவர் கையால்தான் கோயிலுக்குப் போகும். மார்கழி விடியலில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சொல்கிறவர். அந்தப் போகியன்றும் குளித்து, ஈரம் காயாத நாமத்தோடு வந்து, நான் இதையெல்லாம் போட்டு வைத்திருந்த பெட்டியைத் தூக்கினார். படக்கதைகள் முதலில் போயின. பிறகு அவனைக் கையில் எடுத்தார்.

"பெரியப்பா, அத மட்டும் வேண்டாம் பெரியப்பா."

"மார்கழி பூரா கோயில் பக்கம் எட்டிப் பாக்கல. இந்தப் பேயக் கட்டிக்கிட்டுத்தான் கெடந்தியோ? பொம்மைதானலே. போனாப் போவுது. சாமியா போவுது?"

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சென்ற புரட்டாசியில், கொலுவுக்குச் சில நாள் இருக்கும்போது, பெரியப்பா பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வாசலில் நின்ற டிராகனைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு உள்ளே வந்து, ஒரு பால்கோவா டப்பாவை மேஜையில் வைத்தார். உள்ளே பேண்டேஜ் துணி சுற்றிய மண் கருடன். வலது இறக்கை தனியாகக் கிடந்தது.

"கொலுவுக்கு எறக்கும்போது கை தவறிட்டுலே. இத ஒட்டணும்."

அந்தக் கருடனை எனக்குத் தெரியும். தான் சிறு பையனாக இருந்தபோது ஆடிப்பூரத் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கொலுவில் மற்ற பொம்மைகளைப் பெரியம்மா எடுத்து வைப்பாள். கருடனை மட்டும் அவர்தான் தொடுவார்.

"பின்னமானத வீட்டுல வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லுவீங்க. திருமுக்குளத்துல விட்டுற வேண்டியதுதான?"

"அது பூஜையில இருக்க விக்ரகத்துக்குலே. இது..." கொஞ்சம் தயங்கினார். "இது பொம்மைதான."

அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"எங்கிட்ட ஒரு பறக்குற ஆளு இருந்தானே பெரியப்பா. ஞாபகம் இருக்கா?"

"எந்த ஆளு? எனக்கு ஞாபகம் இல்லியேலே."

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். கருடனுக்கு எட்டுப் பாம்பு ஆபரணம். எந்தப் பாம்பு கைக்கு, எது காதுக்கு, எது அரைக்கு. மூக்கு எவ்வளவு வளைய வேண்டும், இறக்கையில் எங்கே சிவப்பு முடிந்து எங்கே பச்சை தொடங்க வேண்டும். கடைத்தெருவில் யாரோ தப்பாகச் செய்து விற்கிறானாம், அவனைத் திட்டினார். நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுகிற அவருடைய கூட்டத்தை நினைத்தேன். பேப்பர் கடை வாசலில் நாங்கள் மூன்று பேர் போட்டதும் இதே சண்டைதான். அவர்களுக்குக் கோபுரமும் பிரசாதமும் இருந்தன, எங்களுக்கு ஒதுங்க நிழல்கூட இல்லை. அதனால் அவர்கள் பக்தர்கள், நாங்கள் கிறுக்கர்கள்.

அவர் போனதும் வேலையைத் தொடங்கினேன். இறக்கையை ஒட்டி, தேய்த்து, வர்ணத்துக்கு வர்ணம் சேர்த்து, உடைந்த இடம் செய்தவனுக்கே தெரியாதபடி ஆக்கினேன். பிறகு அதை ஸ்கேன் பண்ணி இன்னொரு கருடனை அச்சடித்தேன். உள்ளே களிமண் அடைத்து எடையைச் சரிக்கட்டினேன். பாதத்தில் அவர் விரல் பட்டுத் தேய்ந்த இடத்தைக்கூடத் தேய்த்தேன். கடைசியாக, புதியதின் வலது இறக்கை அடியில் மெல்லிய விரிசல் ஒன்றை வரைந்து, பசை கசிந்ததுபோல ஒரு பொட்டும் வைத்தேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

அவர் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"இது என்னலே, ரெண்டு?"

"ஒண்ணு உங்களுது, ஒண்ணு நான் அச்சடிச்சது. ஏதாவது ஒண்ண எடுத்துக்கிடுங்க. பொம்மைதான பெரியப்பா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விரிசலைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதை எடுத்து மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அடிபட்டது இதுதாம்லே. எனக்குத் தெரியாதா?"

"அது முந்தாநாள் அந்த மிஷின்ல பொறந்தது பெரியப்பா."

நான் அத்தனை வருடம் காத்திருந்தது அந்த முகத்தைப் பார்க்கத்தான். கையிலிருந்ததை மெதுவாக மேஜையில் வைத்தார். மற்றதை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை எடுத்துக் கண்ணாடி அலமாரியில், டிராகனுக்கும் ரோபோவுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினேன்.

"ஏலே, அதக் குடுத்துரு."

"போனாப் போவுது பெரியப்பா. சாமியா போவுது?"

ஸ்டூலில் உட்கார்ந்தார். வேர்வையில் நாமம் கரைந்து மூக்கில் இறங்கியது. என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அவன் கழுத்துக்குப் பச்சை அடிச்சிருந்த. நெருப்புல மொதல்ல ரெக்கதான் சுருண்டுச்சு. நல்லாத்தாம்லே செஞ்சிருந்த."

ஆக, ஞாபகம் இருந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறார். இளகிப் போயிருக்க வேண்டிய இடம்தான், ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. சாவியை அவர் கண்ணெதிரே பைக்குள் போட்டேன்.

அந்த வருடக் கொலுவில் பிரிண்டர் பெற்ற கருடன்தான் இருந்தார். ஊரே வந்து கும்பிட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிப் போனது, நானும் போனேன். பெரியப்பா மட்டும் கருடன் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அவர் அடிக்கடி கடைக்கு வருகிறார். கண்ணாடி அலமாரி முன்னால் கை கட்டி நிற்கிறார். காலேஜ் பையன் எவனாவது, "தாத்தா, இவரு எந்த சீரிஸ்ல வருவாரு?" என்று கேட்டால், முதல் பாம்பிலிருந்து தொடங்குகிறார். மூன்றாவது பாம்பு வருவதற்குள் பையன் போனை எடுத்துவிடுகிறான். எட்டாவது பாம்புவரை அவர் கண்ணாடியைப் பார்த்தே சொல்லி முடிக்கிறார்.

கீக்குகள் இன்னும் இருக்கிறார்களா என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள், ராஜபாளையத்தில் என் கடையில் ஒருத்தர் மிச்சம் இருக்கிறார். கிளம்பும்போது தவறாமல் கேட்பார்.

"எப்பலே குடுப்ப?"

"போகி வரட்டும் பெரியப்பா."