பன்னிரண்டாம் கல்

இடது கை சக்கரத்தின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கை, நுனியில் அரக்கு வைத்துக் கல் ஒட்டிய குச்சியைச் சுழலும் செப்புத் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தது. சுண்டுவிரல் ஓரக் கட்டையில் ஊன்றியிருந்தது. பத்து வருடம் ஊன்றியதில் அந்த இடம் குழிந்தே போயிருந்தது. சரசரவென்ற ஓசை மெலிந்து ஒரு சீறலாக மாறியதும் கை நின்றது. பட்டை சரியாக விழுந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். குச்சியை எடுத்து, கல்லை முந்தானையில் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் தட்டின் மேல் சாய்த்தது கை.

அது மரகதப் பச்சை. பன்னிரண்டில் நான்காவது.

கைகளுக்கு உரியவள் பெயர் தெபோராள். 1938ஆம் வருடம் அவளுக்கு வயது நாற்பத்தொன்று. திருச்சியில் அவள் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டும் சக்கரம் இருந்தது. பூமியில் விளைந்த கல் எதுவும் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. சீமையில் உலையில் உருக்கி வார்த்த கல், பெரிய கடை வீதிக் கல் வியாபாரி ராவுத்தர் கைக்கு வந்து, அங்கிருந்து பொட்டலம் பொட்டலமாக இங்கே வரும். கடைத்தெருவில் அதற்குப் பெயர் பொய்க்கல்.

சக்கரம் முதலில் அவள் கணவன் அமிர்தசாமியுடையது. அவனுக்கு அந்த வேலையில் கண் ஒத்துழைக்கவில்லை. பொன்மலையில் ரயில்வே வொர்க்ஷாப் திறந்ததும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். மூலையில் தூசி படிந்து கிடந்த சக்கரத்தை ஒருநாள் துடைத்து வைத்துக்கொண்டு தெபோராள் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆறு மாதம் உடைசல் கல்லையே தேய்த்தாள். ஏழாம் மாதம் அவள் கொடுத்த முதல் கல்லை ராவுத்தர் மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. வேதப்புத்தகம் அவளுக்கு மற்றவர்கள் வாசித்துக் கேட்பதாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபத்தோராம் அதிகாரம் வாசித்தார்கள். பரலோகத்திலிருந்து இறங்கும் நகரம். அதன் மதிலுக்குப் பன்னிரண்டு அஸ்திபாரம். ஒவ்வொன்றும் ஓர் இரத்தினம். வச்சிரக்கல், இந்திரநீலம், சந்திரகாந்தம், மரகதம் என்று பெயர்கள் வர வர, ராவுத்தர் கடையில் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, பரலோகத்துல நம்ம தொழிலு நடக்குதுங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அப்ப அங்க போயும் சக்கரந்தான் சுத்தப் போறியா?" என்றான் அமிர்தசாமி.

அன்று முதல் விரலை எழுத்தின்மேல் வைத்து, கூட்டிக் கூட்டி, அந்த அதிகாரத்தைத் தானே படித்தாள். பிறகு அங்கிருந்து பின்னோக்கிப் போனாள். ஊரெல்லாம் ஆதியாகமத்தில் தொடங்க, அவள் கடைசியிலிருந்து வேதம் கற்றவள்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தில் புதிதாக ஒரு பித்தளைச் சிலுவை வைக்கச் சபை தீர்மானித்தது. தெபோராள் சபைக் குருவிடம் போய் நின்றாள். குருவை அங்கே எல்லோரும் ஐயர் என்றுதான் அழைப்பார்கள்.

"ஐயர், அந்தப் பன்னிரண்டு கல்லையும் தீட்டித் தரேங்க. என் காணிக்கையா இருக்கட்டும். சிலுவையில பதிச்சுடலாம்."

ஐயருக்குச் சம்மதம். கமிட்டிச் செயலாளர் தைரியராஜுக்கு இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார் அவர். கமிட்டி கூடிய அன்று அதே அதிகாரத்தைத் திறந்து, கடைசி வசனத்தில் விரலை வைத்தார்.

"இந்த நகரத்துக்குள்ள பொய் ஒண்ணும் பிரவேசிக்காதுன்னு போட்டிருக்கு. நீ தர்ற கல்லுக்குக் கடைத்தெருவுல என்னம்மா பேரு?"

"பொய்க்கல்லுங்க."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் பத்து வருடமாகக் கேட்கிறாள். சுட்டதில்லை. தன் அதிகாரத்துக்கு உள்ளேயிருந்தே அது எழுந்து வந்தபோதுதான் சுட்டது.

"பேரு கடைக்காரங்க வெச்சதுங்க, வாத்தியாரய்யா" என்றாள் மெல்ல. "கெம்புன்னு சொல்லி ஒருத்தருக்கும் நான் கல்லு கொடுத்ததில்ல. உலையில வெந்ததுன்னு சொல்லித்தான் கொடுக்கிறேன். நெருப்புல புடமிட்டதை எங்கிட்ட வாங்கிக்கன்னு ஆண்டவரே இதே புத்தகத்து மூணாம் அதிகாரத்துல சொல்றாருங்களே."

"அது பொன்னைச் சொன்னது!"

"நெருப்பு ஒண்ணுதானுங்களே ஐயா."

ஐயர் வாய்விட்டுச் சிரித்தார். தைரியராஜ் சிரிக்கவில்லை. "சரி. ஆனா வசனத்துல உள்ளபடி இருக்கணும். பேருக்கும் நிறத்துக்கும் ஒரு கல்லு பொருந்தலேன்னாலும் பன்னிரண்டும் வேண்டாம். சிலுவை வெறும் பித்தளையாவே பீடத்துல ஏறும்" என்றார். அப்படியே தீர்மானமாயிற்று.

பதினொரு கல்லில் தகராறு வரவில்லை. பித்தளை வேலை செய்யும் கன்னார் காத்தமுத்து சிலுவையில் பன்னிரண்டு குழி வெட்டியிருந்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு குழி நிரம்பியது. பன்னிரண்டாவதில் வேலை நின்றது. வேதத்தில் அதன் பெயர் சுகந்தி. ராவுத்தர் அப்படி ஒரு கல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஐயர் இங்கிலீஷ் வேதத்தைப் பார்த்து, "ஊதாக் கல்லும்மா, செவ்வந்திக்கல்லுன்னு சொல்லுவாங்களே, அது" என்றார். தைரியராஜ் விடவில்லை. "நாம கும்பிடறது தமிழ் வேதத்தை வெச்சு. சுகந்தின்னா ஊதான்னு யார் சொன்னது? கல்லு தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வா."

கல் தெரிந்தவர் என்றால் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சடகோபன் ஐயங்கார். இரத்தினம் பார்த்துச் சொல்வதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தெபோராள் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"சுகந்தியா? பேஷ்! யார் சொன்ன பேரு இது?"

"எங்க வேதத்துல இருக்குங்க சாமி. மோட்ச நகரத்து மதிலுக்குப் பன்னிரண்டாவது அஸ்திபாரம்."

"அஸ்திவாரமே இரத்தினமா! இங்க எங்க பெருமாளுக்கு ஏழு மதில் இருக்கு, எல்லாம் வெறும் கருங்கல்தான்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பதுமராகம், குருவிந்தம், சௌகந்திகம். சாஸ்திரத்துல இந்த மூணும் சிவப்பு ஜாதி. உங்க சுகந்தி இந்த சௌகந்திகமாத்தான் இருக்கணும். செங்கழுநீர்ப் பூ வர்ணம். ஊதான்னு சொன்னவாளை நான் ஒத்துக்க மாட்டேன்."

திரும்பி வந்து, கேட்டதைக் கேட்டபடியே கமிட்டியில் சொன்னாள்.

"கெட்டுது போ" என்றான் அமிர்தசாமி அன்று சாயங்காலம். "நம்ம ஐயர் ஊதாங்கறாரு, அந்த ஐயங்கார் சிவப்புங்கறாரு. நடுவுல நீ!"

தைரியராஜ் முடிவே சொல்லிவிட்டார். "ஒரே கல்லு ரெண்டு நிறமா இருக்காது. ஞாயித்துக்கிழமை பண்டிகை. சனிக்கிழமைக்குள்ள பன்னிரண்டாவது வரலேன்னா பதிச்சதையும் பேத்து எடுத்துடுவோம்."

அது செவ்வாய்க்கிழமை. தெபோராள் சக்கரத்தைத் தொடாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆண்டவர் வீணாக ஒரு பெயரை எழுதவிடமாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் வாசிப்பில்தான் எங்கோ குறை இருக்கிறது. கல் வரும் வசனங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கல் முடிந்ததும் விரல் வேகமாக ஓடிவிடும். இன்று அதை ஓடவிடவில்லை. சுகந்தியைத் தாண்டி ஒவ்வோர் எழுத்தாகப் போனாள். அந்த நகரத்துக்குச் சூரியன் வேண்டாம், சந்திரனும் வேண்டாம். ஆட்டுக்குட்டியானவரே அதற்கு விளக்கு.

விரல் நின்றது. இத்தனை வருடமும் அந்தக் கற்களை வாசல் வெயிலில் வைத்துத்தான் மனத்தில் பார்த்திருக்கிறாள். அங்கே வெயிலே கிடையாது. விளக்குத்தான்.

எழுந்து போய் உடைசல் டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு துண்டு கிடந்தது. தெருவில் அதைப் பச்சோந்தி என்று கேலி செய்வார்கள். பகலில் வாங்கிப் போனவர்கள், "கல்லை மாத்திக் கொடுத்துட்டீங்க" என்று விளக்கு வைத்த நேரத்தில் சண்டைக்கு வந்ததால் ராவுத்தர் கழித்துப் போட்டது. புதன், வியாழன், வெள்ளி. அத்தனை மெதுவாக அவள் எந்தக் கல்லையும் தீட்டியதில்லை. அந்த ஒரு துண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் கோயில் வாசலில் கமிட்டி நின்றது. காத்தமுத்து சிலுவையை மடியில் கிடத்தி, காலிக் குழியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெபோராள் பஞ்சைப் பிரித்துக் கல்லை ஐயர் உள்ளங்கையில் வைத்தாள். வெயிலில் அது அழகான ஊதாவாக மின்னியது.

"இதுதாம்மா! நான் சொன்ன நிறம்!" என்றார் ஐயர்.

"வேதத்துல உள்ள பேருக்கு இது பொருந்தாது" என்றார் தைரியராஜ். "சிவப்புன்னு நீயேதானே கேட்டுட்டு வந்தே?"

"உள்ள வாங்கய்யா. கதவைச் சாத்திட்டுப் பீடத்து மெழுகுவத்தியை ஏத்துங்க."

கமிட்டி அவள் பின்னால் உள்ளே போயிற்று. கதவும் ஜன்னல்களும் சாத்தப்பட்டன. ஐயர் மெழுகுவத்தியை ஏற்றி, கையை அதன் அருகில் கொண்டுபோனார். உள்ளங்கையில் இருந்த ஊதாவைக் காணோம். செங்கழுநீர்ப் பூவின் இதழ் ஒன்று அங்கே கிடந்ததுபோல் இருந்தது.

"ஆண்டவரே!" என்றான் காத்தமுத்து. அவன் இந்துதான், இருந்தும் அதுவே வாயில் வந்தது.

தைரியராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நேரத்துக்கு ஒரு நிறம் காட்டுது. இது பொய் இல்லாம வேற என்ன?" என்று கேட்டார். ஆனால் குரலில் பழைய முறுக்கு இல்லை.

"கல்லு மாறலீங்க ஐயா. வெளிச்சந்தான் மாறிச்சு. அந்த நகரத்துல எந்த வெளிச்சம்னு இருபத்துமூணாம் வசனத்தைப் பாருங்க."

அவர் பீடத்து வேதத்தைத் திறந்தார். மனத்துக்குள் படிக்கத் தொடங்கியவர், பாதியில் வாய்விட்டே படித்தார். 'விளக்கு' என்ற சொல்லில் நின்று, திரும்பவும் ஒரு தடவை படித்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொன்ன குரல், காலிக் கோயிலில் கணீரென்று கேட்டது.

பிறகு புத்தகத்தை மூடாமலே தெபோராள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட கொடு தாயி. காத்தமுத்துகிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

ஐயர் கையிலிருந்து கல்லை எடுத்து, மெழுகு பட்டிருக்குமோ என்று முந்தானையில் ஒரு தடவை துடைத்து, சுடரில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பட்டையும் பிசகவில்லை. தைரியராஜ் கோயிலில் இராப்போஜன அப்பம் வாங்க நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஏந்தி நின்றார். தெபோராள் கல்லை அதில் வைத்தாள்.