குறி மாறிய மாடுகளும் மரியறோசின் கேள்வியும்

மரியறோஸ் காலமானார் என்ற செய்தி ஊர்காவற்றுறையிலிருந்து வந்தபோது நான் மருந்து வாங்க வரிசையில் நின்றேன். "சேர், எங்கட றோஸ் அக்கா போயிட்டா" என்றார் எங்கள் பழைய காசாளர். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. றோஸ் என்றால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

எங்கள் கிராமிய வங்கியில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்தக் கேள்விகள் மறந்திருக்காது. கூட்டுறவுச் சங்கக்கடையின் மூலையில் ஒரு மேசையும் இரும்பு அலுமாரியுமாகத் தொடங்கிய வங்கி அது. நான் கடன் உத்தியோகத்தர், அவர் எழுதுவினைஞர். இந்தியாவில் கிராம வங்கிகள் வளர்ந்த கதையை எங்கிருந்தோ தேடிப்பிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பார். "பட்டணத்து வங்கி ஊருக்குள்ள போகேல்லை எண்டுதான் அங்க கிராம வங்கி வந்தது, சேர். எங்களுக்கு நடுவில கடலும் கிடக்கு. நாங்கள் எவ்வளவு தூரம் போறம்?" என்று ஒருநாள் கேட்டார். "சாப்பிடும், றோஸ்" என்றேன்.

நெடுந்தீவில் செல்லம்மா என்பவர் தன் மாடுகளை ஈடாகக் காட்டிக் கடன் கேட்டிருந்தார். மாடுகளுக்குத் தண்ணீர் தந்த கிணறு தூர்ந்துவிட்டது. கோடைக்கு முன் இறைத்துக் கட்டாவிட்டால், மாடுகளை வியாபாரிக்கு விற்பதைத் தவிர வழியில்லை. பார்வையிட நான் படகில் போனேன். அங்கே மாட்டுக்கு வீட்டுக்கொரு குறி உண்டு; இந்த மாடுகளின் தொடையில் சுட்டிருந்த குறி செல்லம்மா வீட்டுக் குறி அல்ல. "மாடுகள் விண்ணப்பதாரருடையவை அல்ல" என்று எழுதிக்கொண்டு அடுத்த படகிலேயே திரும்பிவிட்டேன்.

அறிக்கையைத் தட்டச்சுச் செய்ய எடுத்த றோஸ் நிமிர்ந்தார்.

"குறி ஏன் மாறிக் கிடக்கு எண்டு கேட்டனீங்களோ, சேர்?"

"ஆற்றையோ மாடு. அதில என்ன கேக்கக் கிடக்கு?"

"பிறத்தியாற்ற மாட்டை அவ ஏன் குறியோட உங்களுக்குக் காட்டுறா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. றோஸ் அதைத் தட்டச்சுச் செய்யவில்லை. லீவு நாளில் தன் செலவில் நெடுந்தீவுக்குப் போய் வந்தார். "அது சீதன மாடு, சேர். தாய்வீட்டுக் குறியோட வந்தது. அந்தப் பசுக்கள் போட்ட கன்றுக்கும் அதே குறிதான் சுடுவினமாம். பொம்பிளையின்ர மாடு எது எண்டு பாத்த உடன ஊருக்குத் தெரியும்."

மாடுகள் செல்லம்மாவுடையவை அல்ல என்பதற்கு நான் காட்டிய சான்றுதான் அவருடையவை என்பதற்குச் சான்று. அறிக்கையைத் தானே மாற்ற றோஸ் சம்மதிக்கவில்லை; என்னை மறுபடி கூட்டிப்போனார். செல்லம்மா தேத்தண்ணி தந்தபடி, "அண்டைக்கு நீங்கள் கேக்கேல்லை, தம்பி. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார். கடன் கிடைத்தது. வியாபாரிக்கென்று ஒரு மாடும் படகேறவில்லை.

பிறகு தீவுப்பகுதி மாட்டுக்கடன் விண்ணப்பத்தில் "குறி யாருடையது, ஏன்" என்றொரு கேள்வி சேர்ந்தது. அதற்கான பாராட்டுக் கடிதம், அறிக்கையில் கையெழுத்திட்ட என் பெயருக்கு வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். பின்வரிசையில் றோசும் கைதட்டினார். வெளியே வந்ததும், "இனி எல்லாத் தீவிலயும் இதைக் கேப்பினமோ, சேர்?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் எண்டு கேட்டனீங்களோ?" என்ற வரியை அவரிடமிருந்து எடுத்து, எனக்குப் பின் வந்த உத்தியோகத்தர்களிடம் என் சொல்லாகவே சொல்லிவந்தேன். அது றோசின் சொல். அந்தக் கடிதமும் அவருக்கு உரியது. இதைச் சொல்ல அவர் சாகும்வரை காத்திருந்தேன் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.