சிவப்பு அம்பு

மலைச்சரிவில் இருந்த அந்தப் பழங்காட்டில் நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அம்புக்காரர்தான். கூடவே போய் அல்ல. வளைவுக்கு வளைவு மரத்தில் அவர் வரைந்து வைத்த மஞ்சள் அம்பு காட்டும். இருபத்தாறு வருடமாக அதுதான் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

மனிதர் சரியான பிடிவாதக்காரர். கண்ட மரத்தில் அம்பு போட மாட்டார். நான்கு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத கிழட்டு மரங்களாகத் தேடிப் போடுவார். "அம்பைப் பார்க்கிற சாக்குல மரத்தையும் பார்க்கட்டுமே" என்பார்.

போன மழைக்காலத்தில், மூடுபனியில் மஞ்சள் தெரியாமல் இரண்டு பேர் வழிதவறினார்கள். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தாயிற்று. ஆனாலும் இவருக்கு மனசு ஆறவில்லை. பதினோரு மரங்களில் மஞ்சள்மேல் சிவப்பை அடித்தார். வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் வனத்துறை சிவப்புக் கோடு போடும். அது அவருக்குத் தெரியாததல்ல. இந்தச் சரிவில் கோடாரி ஏறியதே இல்லை, இனி யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

புயல் வந்தது. இவர் காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாளில், சாய்ந்த மரங்களை அகற்ற வெளியூர் ஆட்கள் வந்தார்கள். சிவப்பு கண்ட இடத்திலெல்லாம் ரம்பம் வைத்தார்கள். அம்பா, கோடா என்று எவன் பார்த்தான்?

எழுந்து போனவர் மூன்றாவது வளைவில் நின்றார். தலையில் வெயில் சுட்டது. அந்த இடத்தில் வெயிலை அவர் பார்த்ததே கிடையாது. கீழே கிடந்த துண்டு ஒன்றில் தன் அம்பில் பாதியைக் கண்டார்.

"நான்தான் சார் கொன்னேன்" என்று வனத்துறை அதிகாரியிடம் போய் நின்றார். நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

"விடுங்க, கிழட்டு மரம்தானே. இன்னைக்கில்லேன்னா நாளைக்கு விழப்போகுது."

வீட்டில் மனைவி, "வேணும்னா செஞ்சீங்க? நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் நடக்க வந்த கூட்டம் மூன்றாவது வளைவில் அப்படியே நின்றது. "அடேங்கப்பா! கீழே ஆறு முழுக்கத் தெரியுதே!" என்றாள் ஒருத்தி. "முன்னே வந்தப்ப இங்க ஒரே இருட்டு." அடிமரத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சேதி அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு பலகை வைக்கச் சொன்னார்கள். 'அழகிய காட்சி' என்று எழுதி, கீழே ஒரு அம்பு. மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. அம்புக்காரர் மீதியிருந்த சிவப்பு டப்பாவைத் திறந்தார்.