மடிப்பு அக்காவின் ஒப்பாரி

எந்தத் துணி கைக்கு வந்தாலும் அக்கா முதலில் அதன் மூலையைத் தேடுவார். கைக்குட்டையோ, மேசை விரிப்போ, கடையில் புதிதாய் வாங்கிய துண்டோ, எதுவானாலும் சரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி ஊர்ந்துபோகும். மூலை வந்ததும் நின்று அதை ஒரு தரம் திருப்பும். கண்ணும் அங்கே போய்வரும். அங்கே ஒன்றும் இருக்காது. அதன் பிறகுதான் மடிப்பார். பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவர் கணவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லா பாரு, எந்த வார்டுன்னு போட்டிருக்கும்" என்றார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. தரைமட்டத்துக்குக் கீழே நீளமான ஓர் அறை. ஜன்னல் கிடையாது, ஆவிதான் உண்டு. ஒவ்வொரு வார்டின் விரிப்புக்கும் மூலையில் ஒரு நிற நூலால் தையல் போட்டிருக்கும். குழந்தைகள் வார்டுக்குப் பச்சை, அறுவை சிகிச்சைக்கு நீலம், மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டுக்குச் சிவப்பு. பெரிய உருளையில் இஸ்திரியாகி வரும் விரிப்பை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். நெருங்கி வந்து மூலைகளைக் கைமாற்றி, விலகி, மறுபடி நெருங்கி. "எங்க வீட்டுக்காரரோடகூட இத்தனை தடவை முகத்துக்கு முகம் நின்னதில்லை" என்பார் அக்கா. அந்த வேலையால் வந்த பெயர்தான் மடிப்பு அக்கா. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் நான் வேலை செய்வதால் எனக்கும் அவர் அப்படித்தான் பழக்கம்.

கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். அக்காவே பார்த்துப் பிடித்துச் செய்துகொண்ட கல்யாணம். அன்றோடு பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அம்மாவும் பேசவில்லை, அண்ணனும் பேசவில்லை. வருஷங்கள் போகப் போக, அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது, அண்ணன்தான் விடமாட்டேன் என்கிறார் என்று அக்கா நம்பத் தொடங்கினார். யார் சொன்னார்கள் என்று கேட்டால், "பெத்தவளுக்கு எத்தனை நாளைக்குக் கோபம் நிக்கும்?" என்பார். அதற்கு மேல் சாட்சி கேட்க யாருக்கும் வாய் வராது.

அந்த அம்மா கடைசியில் படுத்துக் கிடந்தது இதே ஆஸ்பத்திரியில்தான். மூன்றாம் மாடியில், பெண்கள் வார்டில். அண்ணன் சொல்லவில்லை. அக்கா கீழே சிவப்பு நூல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, எரித்துவிட்டு வந்த பிறகு, மூன்றாவது மனிதர் ஒருவர் வந்து துக்கம் விசாரித்தபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. இதை எனக்குச் சொன்னது கணவர். அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் அக்கா அண்ணன் முகத்திலேயே விழிக்கவில்லை. கணவருக்குக் கால் முறிந்து வீட்டில் கிடந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கையில் பழப்பையுடன் வாசலில் வந்து நின்றார். அவர் ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். என்ன பேசுவது என்று தெரியாமல் தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பார்த்து, "சத்தம் வருதே" என்றார். கழற்றினார், எண்ணெய் போட்டார், மாட்டினார். அடுத்த ஞாயிறும் வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. "மச்சான் வந்தா நல்லா இருக்கிற பொருளும் பயந்துபோய் நின்னுடும்" என்று கணவர் சிரிப்பார். அண்ணனும் தங்கையும் பேசியதெல்லாம் மோட்டார், வயர், சுவிட்சு. அம்மாவின் பெயர் அந்த வீட்டில் எழவே இல்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் அக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிற நடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மீதி வாரமே நகர்ந்தது.

நாடகம் வந்தது இந்த நிலையில்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். பழைய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். தாலாட்டு, வேலைப் பாட்டு, கேலிப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் கோத்து ஒரு பெண்ணின் பிறப்பு முதல் அவள் தாயின் சாவு வரை நாடகமாக்கினார். நடிப்பதெல்லாம் தெரு ஆட்கள். ஒத்திகை, நூலகத்தின் பின்பக்கக் கூடத்தில். ஒப்பாரிக் காட்சிக்கு டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். 'என்னப் பெத்த அம்மா' என்று பின்னணியில் எல்லோரும் இழுக்கும் அடி மட்டும் பழைய பாட்டு. நடுவில் வரும் குறையை ஒவ்வொருத்தியும் தானே கட்டிப் பாட வேண்டும். அந்தக் காலத்தில் அப்படித்தான் பாடினார்களாம். நேரில் சொல்ல முடியாததை எல்லாம் பிணத்தின் மேல் சாய்ந்து சொல்லி அழுவார்களாம். "பாட்டு பழசா இருக்கட்டும், குறை உங்களதா இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

பெண்கள் பயந்தார்கள். பிறகு ஒருத்தி வளையலை வாங்கித் திருப்பித் தராத நாத்தனாரைப் பாடினாள். அந்த நாத்தனார் கூடத்துக் கதவருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், பாடியவள், "சும்மா கற்பனைக்குத்தான்" என்றாள். அன்று முதல் அது கூடத்தின் சட்டம்போல ஆகிவிட்டது. ஆளாளுக்கு உண்மையைப் பாடினார்கள்; பாடி முடித்ததும் கற்பனை என்றார்கள். டீச்சர் ஒருவர்தான் அதை அப்படியே நம்பினார். எங்கள் தெருப் பெண்களுக்கு இவ்வளவு கற்பனையா என்று பூரித்துப்போனார்.

பிணமாகப் படுக்க ஆள் கிடைக்கவில்லை. "பிள்ளைகுட்டிக்காரி, நான் மாட்டேன்" என்று ஒவ்வொருத்தியாக விலகினார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள். "இவன் எப்படியும் பேசறதில்லை. மூஞ்சி வரைக்கும் போர்த்திட்டா யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா. அப்படி நான் அவருக்கு அம்மாவானேன்.

அக்காவின் முறை வந்தபோது அவர் மெல்லிய குரலில்தான் ஆரம்பித்தார். போர்வைக்குள் கிடந்த எனக்கு அவர் மூச்சு தோளருகே கேட்டது.

மேல்மாடி நீ படுத்தே, கீழறையில் நானிருந்தேன்;
நீ படுத்த வெள்ளைத்துணி நான் மடிச்ச துணிதானே;
படியிறங்கி வந்து சொல்லப் பாவிமகன் கால் வலிச்சா,
கூடப் பொறந்தவளைக் கூப்பிட்டா ஏறாளா?

பின்னணிப் பெண்கள் அடியை இழுக்க மறந்துவிட்டார்கள். டீச்சர்தான் முதலில் பேசினார். இது போதும், இதை ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்றார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். அக்கா என் மேல் கிடந்த போர்வையை எடுத்து, மூலை பார்த்து, மடித்துக்கொண்டே, "கற்பனைதான் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் அதையே பாடினார். பாடின அன்று இரவு நன்றாகத் தூக்கம் வருகிறதாம். கணவர் சொன்னார்.

நாடகத்துக்கு முந்தைய வாரம் டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நடிப்பவர்களின் குடும்பத்தை எல்லாம் தானே வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறார்; அவர்களுக்கு முதல் வரிசை. "உங்க அண்ணன் கடைக்கும் போனேன். குடும்பத்தோட வர்றேன்னு சொன்னார்" என்றார் அக்காவிடம். அக்கா நன்றி சொன்னார். வேறென்ன சொல்ல முடியும்? கற்பனை என்று சொன்ன வாயால் அது உண்மை என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் கூடத்திலிருந்த எல்லாப் பெண்களின் கற்பனையும் அல்லவா வெளியே வந்துவிடும்.

மறுநாள் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். நின்றபடியே, தான் பாடும் வரிகளை மாற்றிவிடப் போவதாகச் சொன்னார். எமனைத் திட்டி நாலு வரி கட்டியிருந்தார். எமன் கோபித்துக்கொள்ளமாட்டான், முதல் வரிசையில் வந்து உட்காரமாட்டான் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மனுஷன். நானே விரட்டிடக் கூடாதுப்பா" என்றார்.

நாடகத்தன்று கூடம் நிறைந்திருந்தது. தாலாட்டுக்குக் கைதட்டினார்கள், கேலிப் பாட்டுக்கு விசிலடித்தார்கள். வளையல் பாட்டுக்கு அந்த நாத்தனாரே சத்தமாகச் சிரித்தாள். நான் போர்வைக்குள் கிடந்தேன். துணி வழியாக விளக்கு மங்கலாகத் தெரிந்தது. இஸ்திரி போட்ட துணியின் வாசனை மூக்கில் நின்றது. அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். பின்னணிப் பெண்கள் அடியை இழுத்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள். எமனை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுக்கலாம் என்றால், பிணம் எப்படிப் பேசும்? மூன்றாம் முறை இழுத்தபோது என் தோள் மேல் அவர் கை வந்து விழுந்தது. மறக்கவில்லை என்று அப்போது புரிந்தது. எமனைப் பாட அவருக்கு மனசு வரவில்லை.

மேல்மாடி நீ படுத்தே, என்று தொடங்கினார்.

ஒத்திகையில் கேட்டதுபோல் இல்லை. சபைக்காகப் பாடவில்லை, என் காதில் சொல்வதுபோல் பாடினார். ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். பாவிமகன் என்ற இடத்தில் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசையில் ஒருவர் இருமினார்.

விளக்கு போட்டதும் அண்ணன் மேடைக்குப் பின்னால் வந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் ஒதுங்கினேன். அண்ணன் சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"கோபமா அண்ணா?" என்றார் அக்கா.

"இல்லம்மா."

"அப்ப பதில் சொல்லு. ஏன் சொல்லலே?"

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

"ஒப்பாரியில கேட்டதுக்கெல்லாம் யாரும் பதில் சொல்றதில்லம்மா. அழுது தீர்க்கத்தான் அது" என்றார். பிறகு, "நல்லா பாடினே" என்றார். அக்காவின் தலையைத் தொடப்போன கை பாதியில் திரும்பியது. மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. கடையில் வேலை இருந்திருக்கும் என்றார்கள். அடுத்த ஞாயிறும் வரவில்லை. கணவர் ஒரு வேலை செய்தார். ஃபேனின் வயரைத் தானே பிடுங்கிவிட்டு, "மச்சானைக் கூப்பிடு, ஓடலைன்னு சொல்லு" என்றார். அக்கா போன் செய்தார். அண்ணன் கடையில் வேலை செய்யும் ஆளை அனுப்பினார். அந்த ஆள் வந்து வயரை மாட்டிவிட்டு, இதற்கா கூப்பிட்டீர்கள் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். அக்கா ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

நாடகத்தை இன்னோர் இடத்தில் போட அழைப்பு வந்தது. அக்கா போகவில்லை. டீச்சர் இரண்டு முறை வந்து கேட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினார். "மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். கொட்டின இடம் தப்பு" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். தன் வாயால் அண்ணனை இழந்துவிட்டதாகவே அவர் இன்றும் நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் இப்போது வேலைக்குப் போகிறார்.

சென்ற மாதம் அண்ணனின் மனைவி எங்கள் கடைக்கு வந்தார். மருந்துச் சீட்டை நீட்டியவர் என்னைச் சற்று நேரம் பார்த்து, "நீதானே தம்பி மாமியாரா படுத்திருந்தது?" என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. அவராகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அம்மா அண்ணனிடம் சத்தியம் வாங்கிவிட்டாராம். அவள் கீழே இருக்கிறாள் என்று தெரியும், அவளுக்குத் தெரியக் கூடாது, செத்த பிறகும் என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்றாராம். அண்ணன் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கடைசி நாள் வரை அம்மா மனசு இறங்கவில்லை. "அம்மா மனசு இளகிட்டாங்கன்னு தங்கச்சி நம்பிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும், பழி என்மேல இருந்துட்டுப் போகட்டும்ங்கிறார். போனா அவ நேருக்கு நேர் கேட்பா, கேட்டா வாயில வந்துடும். அதான் போறதில்லை" என்றார்.

மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அம்மா கண்ணயர்ந்திருந்த ஒரு மதியம் அண்ணன் படியிறங்கிச் சலவை அறை வரைக்கும் போயிருக்கிறார். கதவு திறந்திருந்ததாம். அக்கா இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே ஏறிப் போய்விட்டாராம்.