கந்தப்பளையில் வேகாத துவரை

இலங்கை மலையுச்சியிலுள்ள இந்தக் கந்தப்பளையில் தண்ணீர் எளிதில் கொதித்துவிடுகிறது. பருப்புத்தான் வேக மறுக்கிறது. கொதித்தலும் வேதலும் ஒரே நிகழ்வின் இரு பெயர்கள் என நம்பிக் கும்பகோணத்தில் வளர்ந்தவன் நான். மலையுச்சியில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் எனப் பள்ளித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றவன். அது என் அடுப்புக்கும் பொருந்தும் என்று எந்த ஆசிரியரும் எச்சரிக்கவில்லை.

ஊரிலுள்ள நண்பர்களுக்கும், என்னைப்போல் மணம்முடித்து இம்மலைக்கு வந்து முதன்முறையாகக் கரண்டி பிடிக்கும் இந்திய மாப்பிள்ளைமாருக்கும் இதை எழுதுகிறேன். கடையில் வெறுமனே பருப்பு என்று கேளாதீர்கள். நான் கேட்டபோது கடைக்காரர் செந்நிற மைசூர்ப் பருப்பைக் கட்டித் தந்தார். இது பருப்பன்று, துவரையே பருப்பு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பருப்பு வேணாம், பருப்பு மாதிரி ஒண்ணு வேணும். அப்புடித்தானே சார்?" என்றார்.

என் மனைவி மல்லிகா இவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக மாமியார் மலையின் கீழேயுள்ள பூண்டுலோயாவிலிருந்து வந்துவிட்டார். அவளுக்கோ என்னுடன் இருக்கவே விருப்பம். "இவரே ஆக்கிப் போடுவாரும்மா" என்று துணிந்து சொல்லிவிட்டாள்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க மாப்பிள்ள. இன்னைக்கு மத்தியானம் நீங்களே ஆக்குங்க. வாயில வைக்கிற மாதிரி இருந்துச்சுன்னா புள்ள இங்கயே இருக்கட்டும்."

கும்பகோணத்தில் என் தாயார் துவரையை அடுப்பிலேற்றிவிட்டுக் குளித்து வருவார். அதற்குள் மசிந்து கிடக்கும். நானும் அவ்வாறே குளித்து வந்தேன். விசிலடித்து ஆக்குவது சமையலாகாது என்னும் கொள்கையால், மல்லிகாவின் குக்கரை முன்பே பரண்மேல் ஏற்றியிருந்தேன். பானையில் பருப்பு துள்ளிக் கொதித்தது. அக்காட்சியில் மகிழ்ந்து புளியையும் கரைத்து ஊற்றினேன். வேகாத பருப்பில் புளி விழுந்தால் அது பிறகும் எளிதில் வேகாது. இக்குறிப்பை நீங்கள் சாப்பாட்டு வேளைக்கு முன்பே அறிந்துகொள்வது நலம்.

மாமியார் ஒரு வாய் மென்றார். "மாப்பிள்ள, ரோட்டுக்குப் போட்ட சல்லியவா அள்ளிட்டு வந்தீங்க?"

மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் எழுந்துபோய்த் தன் சேலைகளைப் பையில் மடித்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. வயித்துப் புள்ளக்காரி பசியோட கெடக்கக் கூடாது" என்றார் மாமியார்.

"அந்தச் சாம்பாரக் கொட்டிராதீங்க" என்றாள் மல்லிகா. "தூக்குச்சட்டியில ஊத்துங்க. அம்மா வீட்டு அடுப்புல வெந்துரும். எனக்கு அதுதான் வேணும்."

பேருந்து இறம்பொடை வளைவுகளில் இறங்கியது. முன்னிருக்கையில் மல்லிகா தாயின் தோளில் சாய்ந்து உறங்கினாள். அவர்களை விட்டுவிட்டு மாலையில் இதே வழியாக நான் மட்டும் மேலேற வேண்டும். அதுவரை, ஓர் ஊரில் கொதித்து வேறோர் ஊரில் வேகவிருந்த துவரையை, ஒரு துளியும் சிந்தாமல் மடியில் அணைத்துக்கொண்டிருந்தேன்.